கறையான் புற்றின் காவல் படை

கறையான் புற்றை மண்வெட்டியால் கொத்தியதும், பெரிய தலையும் கூரிய தாடைகளும் கொண்ட சில கறையான்கள் உடைப்பின் வாயில் வந்து நிற்பதை உழவர்கள் கண்டிருப்பார்கள். விரலை நீட்டினால் கவ்விப் பிடிக்கும். பயிரைத் தின்று அழிப்பவை இவையே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இவை புற்றைக் காக்கும் சிப்பாய்க் கறையான்கள்.

தானே உண்ண முடியாத சிப்பாய்

சிப்பாயின் தாடை எதிரியைக் கடிப்பதற்கென்றே அமைந்தது. அதைக் கொண்டு வேரையோ மரத்தையோ அரைத்துத் தின்ன முடியாது. வேலைக்காரக் கறையான்கள் ஊட்டினால்தான் அது உயிர் வாழும். நிலக்கடலைக் காயைத் துளைப்பதும், கரும்புக் கரணையைக் குடைவதும் வேலைக்காரக் கறையான்களே.

கறையானுக்கு முதல் எதிரி எறும்பு. சில வகைகளில் சிப்பாயின் தலை மூக்குப் போல முன்னே நீண்டிருக்கும். அதன் வழியே பசை போன்ற நீரைப் பீய்ச்சி எறும்பை முடக்கிவிடும்.

சிப்பாய் உருவாவது எப்படி?

வேலைக்காரன், சிப்பாய், ஈசல் ஆகிய எல்லாமே இராணி இடும் முட்டைகளிலிருந்து வருபவைதாம். வளரும் பருவத்தில் 'இளமை ஹார்மோன்' என்ற சுரப்பு உடலில் மிகுந்தால், அக்கறையான் தோலுரித்து முதலில் வெண்ணிற முன்சிப்பாயாக மாறும். மீண்டும் ஒருமுறை தோலுரித்ததும் முழுச் சிப்பாயாகும். கூட்டில் போதிய சிப்பாய்கள் இருந்தால் புதியவை உருவாவது தடைப்படும். அவை குறைந்தால் தடை நீங்கும். பல கறையான் வகைகளில் இது கண்டறியப்பட்டுள்ளது.

உழவர் செய்ய வேண்டியவை

ஆகவே, புற்றின் மேற்பகுதியை மட்டும் இடித்து, வெளியே வரும் சிப்பாய்களைக் கொல்வதால் பயனில்லை. இழந்த படையைக் கூட்டம் மீண்டும் திரட்டிவிடும். புற்றினுள் கெட்டியான மண் அறையில் இருக்கும் இராணி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது எஞ்சியிருக்கும் வரை கூட்டம் பெருகும்.

1. வயலிலும் வரப்போரத்திலும் உள்ள புற்றுகளை ஆழத் தோண்டி, இராணியைக் கண்டு அழிக்க வேண்டும். புற்றில் பாம்பு இருக்கக்கூடும், எச்சரிக்கை தேவை.

2. நன்கு மட்கிய தொழுவுரத்தையே இட வேண்டும். மட்காத எரு கறையானை வரவழைக்கும்.

3. அறுவடைக்குப் பின் பயிர்க் கட்டைகளையும் சருகுகளையும் அகற்ற வேண்டும்.

4. முற்றிய நிலக்கடலையைக் காலந்தாழ்த்தாமல் பறித்துவிட வேண்டும்.

முன்பு பயன்பட்ட ஆல்டிரின் இப்போது தடை செய்யப்பட்டுள்ளது. மருந்து தேவைப்பட்டால், பயிருக்கு ஏற்றதையும் அதன் அளவையும் வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து பயன்படுத்துவது நல்லது.