லயத்து முதியோர் கூடும் இடம் எது?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் மக்கள் கூடும் இடங்கள் பெரும்பாலும் வேலையைச் சுற்றியே அமைந்தவை. விடியலில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், தாய்மார் மலைக்குப் போகுமுன் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவம், தொழிற்சாலை வாசல் என எல்லாமே நிர்வாகத்தின் தேவைக்காகக் கட்டப்பட்டவை. ஒரு கொழுந்துக்காரப் பெண் தன் வாழ்நாளின் பெரும்பகுதிப் பேச்சையும் சிரிப்பையும் சண்டையையும் இந்த இடங்களில்தான் கழிக்கிறாள். பேர்ப் பதிவு நீங்கி, ஊழியர் சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய மறுநாள் இவற்றில் ஒன்றிலும் அவளுக்கு அலுவல் இல்லை. ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளி ஊதியத்தை இழப்பது எல்லோருக்கும் தெரிகிறது. கூட்டத்தையும் இழக்கிறார் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதன்பிறகு முதியோருக்கு மிஞ்சுபவை, யாரும் அவர்களுக்கென்று கட்டிக் கொடுக்காத இடங்கள். முதலாவது இஸ்தோப்பு. லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில், காம்பரா எனப்படும் அறைக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய திண்ணைப் பகுதி அது. காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி; உள்ளே அடுப்புப் புகையும் இருட்டும். ஆட்கள் மலைக்கு ஏறியதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் வந்து குந்துகிறார் பாட்டி. பக்கத்துக் காம்பராக் கிழவியும் வந்து சேர்ந்தால் வெற்றிலைத் தட்டு நடுவில் வரும். பல் போனவர்களுக்காக ஒருத்தி பாக்கை இடித்துக் கொடுக்க, யார் வீட்டில் கலியாணம், யார் மகன் கொழும்பிலிருந்து காசு அனுப்பவில்லை, எந்த மலையில் கொழுந்து முற்றிவிட்டது என்று பேச்சு நீளும். ஒரு லயத்தில் வரிசையாகப் பல காம்பராக்கள் இருப்பதால், ஒரு நாள் இஸ்தோப்புக்கு வராதவரை மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

அடுத்தது கோயில். அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் உண்டு. தொழிற்சாலைப் பக்கம் ரோதை முனி என்ற காவல் தெய்வத்துக்கும் ஓர் இடம் இருக்கும். திருவிழாவிலும் மாசி மாதக் காமன் கூத்திலும் முதியோரின் இடம் பெரியது. பாட்டும் அடவும் ஏட்டில் கிடப்பதைவிட அவர்கள் மனத்தில் கிடப்பதே அதிகம். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் இளைஞர்களை நிறுத்திப் பழக்கும் இரவுகளில் மட்டுமே சில முதியவர்கள் தோட்டத்தில் மீண்டும் ஆசான்கள் ஆகிறார்கள். இவற்றோடு 70 வயது கடந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவை வாங்கத் தபாலகத்துக்குப் போகும் நாள், பிரசருக்கும் சீனிக்கும் மருந்து எடுக்கக் கிளினிக் போகும் நாள், சாவு வீடு, கருமாதி ஆகியவையும் ஆட்களைப் பார்க்கும் வாய்ப்புகளே. கிளினிக் வரிசையில் மூன்று மணி நேரம் நிற்பது அலைச்சல்தான். ஆனால் வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையைச் சந்திக்கும் இடமும் அந்த வரிசையாக இருக்கலாம்.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச் 20 அன்று இலங்கை முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நகரங்கள் மூடிக் கிடந்தபோதும் தேயிலைத் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டதால் தோட்டங்கள் இயங்கின. 1883 முதல் நேரில் நடந்துவந்த கொழும்புத் தேயிலை ஏலம் ஏப்ரல் மாதத்தில் இணையத்துக்கு மாறியது. ஆக, தோட்டத்தில் மூடப்பட்டவையும் திறந்திருந்தவையும் தெளிவாகப் பிரிந்து நின்றன. பிரட்டுக் களமும் கொழுந்து மடுவமும் திறந்திருந்தன. கோயில், கிளினிக், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் போகும் பஸ், சாவு வீட்டுக் கூட்டம் ஆகியவை நின்றன அல்லது சுருங்கின. உழைப்பவர்களுக்குரிய இடம் பிழைத்தது, முதியோருக்குரிய இடம் போனது. பாடசாலைகளும் மூடப்பட்டதால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க அவர்கள் தலையில் விழுந்தது. வீட்டில் ஆள் கூடியது; சமவயதுத் துணை குறைந்தது.

அந்த ஆண்டின் தீபாவளி இதை இன்னும் கூர்மையாக்கியது. கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளையோர் தோட்டத்துக்குத் திரும்பும் பெருநாள் அது. ஒக்டோபரில் இரண்டாம் அலை எழுந்ததால், நவம்பர் 14 தீபாவளியை ஒட்டி, கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தை விட்டு வெளியேற நவம்பர் 15 வரை தடை விதிக்கப்பட்டது. தொற்று தோட்டங்களுக்குள் பரவாதிருக்க அது தேவையான தடைதான். ஆனாலும் வருடத்தில் ஒருமுறை பிள்ளை முகம் பார்க்கும் தாய்க்கு அந்தத் தடை எவ்வளவு கனத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாவு வீட்டுக் கட்டுப்பாடு அதைவிட ஆழமாகத் தாக்கியது. தோட்டத்தில் மரணம் ஒரு குடும்பத்தின் காரியம் மட்டுமாக இருப்பதில்லை. செய்தி கிடைத்ததும் லயமே திரளும், தப்பு முழங்கும், மூத்த பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் இறுதிச் சடங்கில் கலந்துகொள்வோர் எண்ணிக்கை மட்டுப்படுத்தப்பட்டதால், ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்தெடுத்தவள் போனபோதும் பலர் இஸ்தோப்பில் இருந்தபடியே அழ வேண்டியிருந்தது. 2020 மே 26 அன்று காலமான மலையகத் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமானின் இறுதிச் சடங்கு மே 31இல் நோர்வூட்டில் நடந்தபோது, சுகாதார விதிகளை மீறிக் கூட்டம் திரண்டதாக விமர்சனம் எழுந்தது. விமர்சனம் நியாயமானதே. அந்தத் திரட்சிக்குப் பின்னால் இருந்தது, கூடி அழுவதையே மரியாதையாகக் கருதும் ஒரு சமூகம் என்பதும் உண்மை.

லயத்து நெருக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்போது, நோயுற்றவரைத் தனியறையில் வையுங்கள் என்ற அறிவுரைக்குப் பொருள் இல்லை. பொதுக் குழாயும் பீலியும் பொதுக் கழிவறையும் அந்த அபாயத்தை இன்னும் கூட்டின. மறுபுறம், தனிமையில் யாரும் அறியாமல் கிடக்கும் ஆபத்து இங்கே குறைவு. 1995 ஜூலையில் சிக்காகோ நகரை வாட்டிய வெப்ப அலையில் 739 பேர் மடிந்தனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், ஒரே அளவு வறுமை கொண்ட அண்டைப் பகுதிகளில்கூட, கடைத்தெருவும் நடைபாதையும் உயிர்ப்போடு இருந்த இடத்தில் முதியோர் அதிகம் பிழைத்ததைக் காட்டினார். இஸ்தோப்பு செய்யும் வேலையும் அதுதான். ஆனால் ஓர் அறையில் எட்டுப் பேர் இருப்பதைத் தோழமை என்று எண்ணிவிடக் கூடாது. நெருக்கடி மிகுந்த வீட்டில், பேச ஆளில்லாமல் மூலையில் சுருண்டு கிடக்கும் தாத்தாக்கள் தோட்டங்களில் நிறையவே உண்டு.

தொலைபேசி இந்த இடைவெளியை ஓரளவே நிரப்பியது. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் உடன்பிறந்தார் நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் போய்விட, இங்கே தங்கிய தலைமுறைக்குத் தொலைவிலிருந்து உறவு பேணுவது பழகிய துயரம். ஆனால் பெருந்தொற்றின்போது வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் பிள்ளையின் இணைய வகுப்புக்குப் போனது. அதற்கும் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. கிளினிக் மருந்துகளைத் தபால் வழியே வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை 2020இல் அரசு செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்துசேரும் இடங்களில் இத்தகைய சேவை தடுமாறத்தான் செய்யும்.

தோட்டத்தில் முதியோருக்கென ஒரு சிறு மண்டபமோ நிழற்குடையோ இல்லாததற்கு மூலகாரணம் நிலவுரிமை. லயம் நிற்கும் மண்ணும் கோயிலுக்குப் போகும் பாதையும் நிர்வாகத்தின் கையில். ஒரு பெஞ்சு போடக்கூடத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களாலும் உதவ இயலவில்லை: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு, 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் உருவாயின. ஆக, பெருந்தொற்று வந்தபோது சட்டத் தடை நீங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை அமைத்தது. கிராம உத்தியோகத்தர் பிரிவு அளவில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. ஆனால் ஒரு பிரிவுக்குள் பல தோட்டங்களும் அவற்றின் பல டிவிசன்களும் அடங்கும்போது, சரிவான பாதையில் நடக்க முடியாத எழுபது வயதுக்காரருக்குக் கூட்டம் நடக்கும் இடம் எட்டாத தூரம். லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் அவருக்கு அது இடம்.

தேவைப்படுவது பெரிய கட்டடம் அன்று. பிள்ளை மடுவத்தின் பக்கத்தில், காற்றோட்டமாக, மழைக்கு ஒதுங்கக் கூரையும் சாய்ந்து உட்காரப் பெஞ்சும் தண்ணீரும் கழிவறையும் கொண்ட திறந்த கொட்டகை போதும். இன்னொரு தொற்று வந்தாலும் இடைவெளி விட்டு அமரலாம். மாதம் ஒருமுறை மருந்தையும் கொடுப்பனவையும் அங்கேயே கொண்டுவந்து கொடுக்கலாம். பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் மீண்டும் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். டிவிசனுக்கு ஒரு முதியோர் மடுவம் வேண்டும் என்ற கோரிக்கையை, தோட்டத் தலைவர்களும் முதியோர் சங்கங்களும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே அந்தச் சபைகளிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.