கண்மாய்க் கரையோரம் – 17: 29 அடித் தண்ணீர்

மழைக்காலம் வந்தால் மதுரைப் பக்கத்து நாளிதழ்களில் ஒரு மூலையில் அணைகளின் நீர்மட்டம் போடுவார்கள். பெரியாறு 152 அடி, வைகை 71 அடி, சோத்துப்பாறை 126 அடி என்று ஒவ்வொன்றின் மொத்த உயரமும், அன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதும் இருக்கும். அந்த வரிசையில் கடைக்குட்டியாக ஒரு பெயர் வரும்: சாத்தையாறு, 29 அடி. சிலர் சாத்தியாறு என்றும் எழுதுவார்கள்.

பெரிய அணைகளின் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் பாலமேட்டுச் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் முதலில் தேடுவது இந்தக் கடைசி வரியைத்தான். சென்ற மார்கழியில் அந்த 29 அடியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். பாலமேட்டு நண்பர் ஒருவர் தன் வண்டியில் கூட்டிப்போனார்.

அலங்காநல்லூரைத் தாண்டும் வரை வழியெங்கும் பச்சைதான். நாற்றுப் பறித்த வயல், கதிர் தள்ளிய வயல், தென்னந்தோப்பு. முன்பு கரும்பு இதைவிட அதிகமாக நின்றது. ஊரின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை சில ஆண்டுகளாக அரவை இல்லாமல் கிடப்பதால் கரும்புக்காரர்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் மாறிவிட்டார்கள். இந்தப் பச்சைக்குக் காரணம் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வைகைக்கு வந்து, பேரணையில் கால்வாயில் ஏறி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாகக் கள்ளந்திரிக்குப் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அணைகளில் இருப்பு கைகொடுத்தால் ஜூனில் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள்.

ஆனால் கால்வாய்த் தண்ணீர் மேடேறாது. சிறுமலையிலிருந்து வைகையை நோக்கித் தெற்கே சரிந்து இறங்கும் பூமி இது. கால்வாய்க்குக் கீழே இருக்கும் நிலத்துக்குத்தான் பாயும். மேலே இருக்கும் நிலம் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். பாலமேட்டுச் சாலையில் போகும்போது இந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். நெல் வயல் அற்றுப்போகிறது. மாந்தோப்பும் கொய்யாத் தோப்பும் சோளக் கொல்லையும் கிணற்றுப் பாசனமும் தொடங்குகின்றன. பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு ஊர்கள், இரண்டு தண்ணீர்கள், இரண்டு வகை வாழ்க்கை. கீழே இருப்பவர் அணை திறக்கும் தேதியைக் கேட்கிறார். மேலே இருப்பவர் சிறுமலை உச்சியைப் பார்க்கிறார்.

பாலமேட்டைக் கடந்து தோப்புகளுக்குள் நுழைந்தோம். மலை கிட்டே வர வர வெயில் குறைந்து காற்று குளிர்ந்தது. கரை மேல் ஏறி நின்றதும் வாயில் வார்த்தை வரவில்லை. எதிரே சிறுமலை அடுக்கடுக்காக எழுந்து நிற்கிறது. அதன் மடியில், கை விரித்துப் படுத்த பிள்ளை போலத் தண்ணீர். மேகத்தின் நிழல் மலைச்சரிவில் ஊர்ந்து வந்து தண்ணீரில் இறங்கி, மறுகரைக்குப் போய்ச் சேர்கிறது. உள்வாயின் ஓரத்தில் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கின்றன. மதுரை நகரத்தின் இரைச்சலிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதை மதுரைக்காரர்களிலேயே பலர் அறிய மாட்டார்கள்.

இந்த மலை இன்று நேற்று பெயர் பெற்றதல்ல. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரை போகும் வழிகளைச் சொல்லும்போது சிறுமலையைச் சொல்கிறான். வாழையும் மாவும் பலாவும் விளையும் மலை என்று அடையாளம் காட்டி, அதை வலப்பக்கம் விட்டுப் போகச் சொல்கிறான். கிழக்கேயிருந்து வருகிறவர் சிறுமலையை வலப்பக்கம் விட்டு நடந்தால் கால் படுவது இந்தப் பக்கத்துச் சமவெளியில்தான். அன்றைக்குச் சொன்ன வாழை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. சிறுமலை வாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கரையில் ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்தார். அவருடைய இரண்டு ஏக்கருக்கும் இந்தத் தண்ணீர்தான்.

"மலை கறுத்தா எங்களுக்குத் தெம்பு வந்துரும் தம்பி. மேல நல்லாப் பெஞ்சா ஓடையில சத்தம் கேட்கும். வர்ற தண்ணிக்குக் குறைச்சல் இல்லை. நிறுத்தி வைக்கத்தான் இடம் இல்லை."

"29 அடி இருக்கே ஐயா?"

ஷட்டர் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அளவுகோலு, தண்ணி எம்புட்டு உசரம்னு சொல்லும். அடியில மண்ணு எம்புட்டு உசரம்னு சொல்லாதுல்ல?"

எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. மேலே மரம் குறையக் குறையக் கீழே வண்டல் கூடுகிறது. 152 அடி அணையில் ஓர் அடி மண் சேர்ந்தால் அது ஒரு கணக்கு. 29 அடி அணையில் ஓர் அடி மண் சேர்ந்தால், அது யாரோ ஒருவருடைய கடைசித் தண்ணீர். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு தண்ணீர் கிடைக்காமல் போனால் பாடுபட்டதெல்லாம் பதர்.

அணையிலிருந்து விடும் தண்ணீர் நேராக வயலுக்குப் போவதில்லை. வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்ததற்கு வரும். வீட்டில் மூத்தவன் சாப்பிட்டு எழுந்த பிறகு இளையவன் உட்காருவது போன்ற பந்தி அது. நடுவில் ஒரு வாய்க்காலைச் சீமைக்கருவேலம் அடைத்தால் அதற்குக் கீழே இருக்கும் ஊர்கள் அத்தனையும் பட்டினி. இந்த ஆற்றின் வழி கடைசியில் மதுரை நகருக்குள் வண்டியூர்க் கண்மாய் வரை போகிறது. அண்ணாநகரிலும் கே.கே. நகரிலும் குடியிருப்பவர்களின் நிலத்தடி நீருக்கும் இந்தச் சிறுமலைச் சரிவுக்கும் உறவு இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு கண்மாயில் கண்ட காட்சிதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன், இடுப்பளவு தண்ணீரில் மாட்டுக் கயிற்றைப் பிடித்து நிற்கிறான். ஆழத்தில் ஒரு காளை நீந்துகிறது. திமிலின் உச்சியும் கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரிகின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் நீர் சிதறுகிறது. பையன் "ஹோய், ஹோய்" என்று குரல் கொடுத்தபடியே இருக்கிறான். கரையேறியதும் காளை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. அவன் தன் துண்டை எடுத்து, முதலில் அதன் முகத்தைத் துடைத்தான். பிறகுதான் தன் தலையைத் துவட்டிக்கொண்டான்.

அந்தக் காளை காத்திருப்பது ஜல்லிக்கட்டுக்கு. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். உலகமே பார்க்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோதும், 2017 தையில் இளைஞர்கள் வாடிவாசல் முன்னால் அமர்ந்தபோதும், 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்றபோதும் இந்த ஊர்களின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கீழக்கரையில், வகுத்துமலை அடிவாரத்தில், 5,000 பேர் அமரும் ஏறுதழுவுதல் அரங்கமும் திறக்கப்பட்டது.

ஆனால் வாடிவாசலில் சீறும் அந்த வலு எங்கே கிடைக்கிறது? பருத்திக்கொட்டையும் கம்பும் பாதி. மார்கழியில் கண்மாயில் நீந்தும் நீச்சல் மீதி. கண்மாய் வறண்ட ஆண்டில் காளைக்கு நீச்சல் இல்லை, வைக்கோல் இல்லை, மேய்ச்சல் இல்லை. பாலமேட்டில் காளை பாயும் இடமே மஞ்சமலை ஆற்றுத் திடல்தான். ஆற்றையும் மாட்டையும் நம் முன்னோர் வேறுவேறாக நினைக்கவில்லை. நாம்தான் மாட்டுக்காகத் தெருவில் நின்றோம், தண்ணீரை மறந்துவிட்டோம்.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கோடையில் சாத்தையாற்றின் உள்வாயைத் தூர்வார வேண்டும். அணையிலிருந்து ஒவ்வொரு கண்மாய்க்கும் போகும் வாய்க்காலைக் கருவேலம் நீக்கிச் செப்பனிட வேண்டும். கண்மாய்களில் படிந்த கரம்பை மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அதைக் கேட்டு வாங்கி வயலில் போட்டால் கண்மாயும் ஆழமாகும், நிலமும் தேறும். பெரியாற்றுத் தண்ணீரை இந்த அணைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது இங்கேயுள்ளவர்கள் நெடுநாளாகக் கேட்டுவருவது. அது நடக்கும் நாள் வரட்டும். அதுவரை மலை கொடுக்கும் தண்ணீரையாவது சிந்தாமல் பிடித்து வைக்க வேண்டும்.

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூருக்கு வரப்போகும் அன்பர்களே, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒருமுறை சாத்தையாற்றுக் கரைக்கும் வந்து போங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் விட்டுப் போகாதீர்கள். ஆழம் தெரியாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். வீடு திரும்பிய பிறகு, பேப்பரில் அந்தக் கடைசி வரியையும் ஒரு நிமிடம் படியுங்கள்.

(தொடரும்)