செவி கொடுக்கும் தலைமை

டாக்குரியா ரயில் நிலையத்திற்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டின் முன்னறையில், ஞாயிறு மாலைதோறும் தமிழ்க் கிறிஸ்தவ அன்பர்கள் எண்மர் கூடி வேதம் வாசித்து ஜெபிப்பது வழக்கம். அக்குழுவை நடத்தும் பொறுப்பு நம்முடையது. அப்பொறுப்பில் நாம் செய்த பிழையொன்றைச் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படுமென எண்ணி எழுதுகிறோம்.

குழுவிலுள்ள பெரியவர் ஒருவர் ஒரு நாள், “மகன் என்னோடு பேசி ஆறு மாதமாகிறது” என்றார். நாம் உடனே, “ஐயா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஜெபிப்போம்” என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். அன்றைய பாடம் எது தெரியுமா? கேட்பதன் அருமையைக் கூறும் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரமே!

அடுத்த மூன்று வாரமும் அவர் நாற்காலி வெறுமையாயிருந்தது. வீடு தேடிச் சென்றோம். நெடுநேரம் மௌனமாயிருந்தபின் அவர் சொன்னார்: “தம்பி, ‘இந்த வாசலை மிதிக்காதே’ என்று அவனிடம் சொன்னவன் நான்தான். அதைச் சொல்லத்தான் அன்று வாயெடுத்தேன். வாரமெல்லாம் வங்காளமும் இந்தியுமாகக் கழிகிறது. மனத்திலுள்ளதைத் தமிழில் சொல்ல அந்த ஒரு மணி நேரந்தானே எனக்கு உண்டு?”

நாம் தலைகுனிந்தோம். சியால்தாவின் தெற்குத் தடங்களில் பாலிகஞ்ச் என்றொரு நிலையமும் டாலிகஞ்ச் என்றொரு நிலையமும் உண்டு. ‘கஞ்ச்’ என்பதை மட்டும் காதில் வாங்கிச் சீட்டுக் கொடுத்தால் பயணியின் கதி என்னாகும்? ரயில்வே எழுத்தராகிய நாம் இதை நன்கறிவோம். ஆயினும் பெரியவரின் பாதிச் சொல்லைக் கேட்டு, அவருக்கில்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டோம்.

சிறு குழுக்களின் வரலாறும் இப்பாடத்தையே புகட்டுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1742-ஆம் ஆண்டு, ஜான் வெஸ்லியின் சபையார் கூட்டமண்டபக் கடனைத் தீர்க்க ஒரு வழி கண்டனர். ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க வேண்டும். காசு வாங்க வீடுவீடாகச் சென்றவர்களுக்கு அவ்வீடுகளின் உண்மை நிலைமை தெரியவந்தது. காசைவிட அதுவே பெரிதென்று வெஸ்லி உணர்ந்தார். மெதடிஸ்த சபையின் ‘வகுப்புக் கூட்டம்’ இவ்வாறு பிறந்தது. நம் நாட்டில், நைனிதாலுக்கு அண்மையிலுள்ள சாத்தாலில் 1930-இல் ஸ்டான்லி ஜோன்ஸ் தொடங்கிய ஆசிரமத்திலும், வந்தவர்கள் தத்தம் தேவையை முதலில் மனந்திறந்து கூறுவது முறையாயிற்று. போதனை அதன் பின்னரே.

கேட்டல் நமக்குப் புதிதன்று. ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள் தந்தவர் வள்ளுவர்.

இப்போது நாம் சில நியமங்களைக் கைக்கொண்டிருக்கிறோம். ஒருவர் பேசி நிறுத்தியதும் சற்றுப் பொறுத்திருக்கிறோம். பல வேளைகளில் முக்கியமான சொல் அந்த மௌனத்திற்குப் பின்னரே வருகிறது. “நீங்கள் கூறியது இதுதானா?” என்று நம் சொற்களில் திருப்பிக் கேட்கிறோம். “எனக்கும் அப்படித்தான்” என்று நம் கதையைப் புகுத்துவதில்லை. கேளாத அறிவுரையைக் கூறுவதில்லை. வாய் திறவாதவரை வற்புறுத்துவதுமில்லை. அறையில் கேட்டது அறையை விட்டு வெளியே போகலாகாது. மேற்சொன்ன செய்தியையும் பெரியவரின் இசைவு பெற்றே எழுதுகிறோம்.

அவர் மீண்டும் வருகிறார். மகனுக்குத் தாமே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. வாரந்தோறும் அதைப் பற்றி விசாரிக்கிறோம். “இல்லை” என்று அவர் தலையசைக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் அருகில் அமர்கிறோம்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நாம். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து கேட்பது, காசு செலவில்லாமல் நாம் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய தருமமன்றோ?