பாலாற்று ஓரம் – 14: மாமுவின் பச்சைச் செங்கல்

சோளிங்கரில் மாமு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைச் செங்கல் இருக்கும். சூளைக்குப் போகாமல் வெயிலில் காய்ந்த கல். மேலே ஒரு பழைய கைக்குட்டை மூடியிருக்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. பாங்கு சொன்னதும் மாமு அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு உள்ளங்கையையும் அதில் பதித்து எடுத்து, தூசியை உதறி, முகத்தைத் தடவுவார். மறுபடி பதிப்பார், வலது கை முழங்கை வரை, அப்புறம் இடது கை. அவ்வளவுதான், தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்மும். தலைக்கும் காலுக்கும் ஒன்றும் கிடையாது. நாங்கள் குழாயடியில் முண்டியடித்து, தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளுவைச் செய்து வருவதற்குள் அவர் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்திருப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பொறாமைப்பட அதில் ஒன்றுமில்லை என்று புரிய வயதாக வேண்டியிருந்தது. மாமு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் டிரம் பார்த்தவர். குரோம் கரைசல் பட்டுப் பட்டு விரல் முட்டி, முன்னங்கை, இரண்டு பாதம் என்று குழிகுழியாகப் புண். ஆரம்பத்தில் வலியே தெரியாதாம். பள்ளம் விழுந்த பிறகுதான் கவனிப்பார்கள். டாக்டர் கட்டுப் போட்டு, தண்ணீர் படக் கூடாது என்றுவிட்டார். ஐந்து வேளை தொழுகிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்தார். “தண்ணி இல்லாதவனுக்கு மட்டும்தான் தயம்மும்னு நெனச்சீங்களா பாய்? தண்ணி இருந்தும் தொட முடியாதவனுக்கும் அதேதான்” என்றார். ஒளுவின் உறுப்புகளில் பாதியோ பாதிக்கு மேலோ புண்ணாக இருந்தால் நாங்கள் பின்பற்றும் ஹனபி சட்டப் பிரிவில் தயம்மும் செய்யலாம். கட்டின் மேலேயே தடவிக்கொள்ளலாம். மண்ணில் கை ‘அடிப்பது’ என்றால் ஓங்கி அறைவதில்லை, வைத்து எடுத்தால் போதும். ஆனால் ஒன்று: ஒளுவுக்கு நிய்யத், அதாவது மனசில் எண்ணம், இல்லாவிட்டாலும் ஹனபிகளிடம் ஒளு கூடிவிடும்; தயம்முமுக்கு நிய்யத் இல்லாமல் கூடாது. தண்ணீருக்குக் கழுவுகிற குணம் தானாகவே உண்டு, மண்ணுக்கு அதை மனசுதான் கொடுக்க வேண்டும் என்று அவர் விளக்கியது இன்னும் காதில் நிற்கிறது.

இந்தச் சலுகை வந்த கதையையும் அவர்தான் சொன்னார். ஒரு பயணத்தில் நபிகளின் மனைவி ஆயிஷா நாயகியின் கழுத்து மாலை தொலைந்துபோனது. அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தண்ணீர் இல்லாத இடத்தில் தங்கிவிட்டது. அபூபக்ர் மகளிடம் வந்து கடிந்துகொண்டார். விடியும்போது வசனம் இறங்கியது. நல்ல மண்ணை நாடச் சொல்லும் கட்டளை, குர்ஆனின் 4, 5 ஆகிய இரண்டு அத்தியாயங்களிலும் இருக்கிறது. பிறகு ஒட்டகத்தை எழுப்பினால், மாலை அதற்கு அடியிலேயே கிடந்தது! அம்மார் என்ற தோழர் குளிப்பு கடமையாகித் தண்ணீர் கிடைக்காதபோது, உடம்பு முழுக்க மண் பட வேண்டும் போலிருக்கிறது என்று தரையில் புரண்டே விட்டார். முகத்தையும் கைகளையும் தடவினால் போதும் என்று நபிகள் செய்து காட்டினார்கள். அந்தக் ‘கை’ மணிக்கட்டு வரையா முழங்கை வரையா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாபி பிரிவினருக்குத் தூசி ஒட்டுகிற மண்தான் வேண்டும். எங்கள் பக்கத்து ஹனபிகளுக்குத் தூசியில்லாத கருங்கல்லும் ஆகும்.

தண்ணீர் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தாலும் தயம்மும் ஆகும். கையிலிருப்பது குடிக்க மட்டுமே காணும் என்றாலும் ஆகும்; ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் வேண்டிய தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். வழியில் பகைவன் நின்றாலும் ஆகும். 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் தளபதி ஐர் கூட்டின் கும்பினிப் படையும் மோதியது இதே சோளிங்கரில்தான். அன்றைக்கு இந்த விதி எத்தனை சிப்பாய்களுக்குக் கைகொடுத்ததோ!

தோல் ஊர்க்காரனுக்கு இந்தச் சுத்தக் கணக்கில் இன்னொரு முடிச்சு உண்டு. செத்த ஆட்டின் தோல் அசுத்தம். ஆனால் பதனிட்டால் சுத்தமாகிவிடும்; பன்றித் தோலுக்கு விலக்கு. வீணாகக் கிடந்த ஒரு செத்த ஆட்டைக் காட்டி, இதன் தோலை எடுத்துப் பதனிட்டிருக்கலாமே என்று நபிகள் கேட்ட செய்தி எங்கள் ஊர்களில் பிரசித்தம். தோல் தொழில் இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் கையில் தழைத்ததற்கு இதுவும் ஒரு மனத்தெம்பு என்பது என் எண்ணம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய காலம் போய் குரோம் வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35, 40 லிட்டர் தண்ணீர். தோல் சுத்தமாகி வெளியே வந்தது. தண்ணீர் கெட்டுப் பாலாற்றில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அதில் பதிவானது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டி வந்தது.

அசுத்தம் கலந்து நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று மாறிப்போனாலும் அந்தத் தண்ணீர் ஒளுவுக்கு ஆகாது. இது எல்லாப் பள்ளிவாசலிலும் சிறுபிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். மாமு அதை ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் செய்து காட்டினார். புண் ஆறி, டிரம் வேலையை விட்டு, சோளிங்கரிலேயே கடை போட்டுவிட்ட காலம். அஸர் தொழுகை நேரம். கொல்லைக் கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். நான் சுவரோர மண்ணைக் காட்டி, “தயம்மும் செஞ்சிடலாமே மாமு?” என்றேன்.

“நியாய விலைக்குத் தண்ணி கெடைச்சு, கையில காசும் இருந்தா வாங்கித்தான் ஆகணும்டா. மண்ணு பக்கம் போகக் கூடாது” என்றவர், பந்திக்குக் கேன் இறக்கிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டார்.

“தம்பி, கேன் என்ன விலை?”