சிறுவங்கூரிலிருந்து கரியாலூருக்கு

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில், 150 எம்.பி.பி.எஸ். இடங்களோடு ஒன்று. அதே ஜனவரி 26 முதல், அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. முதல்படித் தேர்வில் மதிப்பெண் போய்விட்டது. தேர்ச்சியா இல்லையா, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மாணவர் தானே தேர்ந்து பயிலும் பயிற்சியைக் குறிக்கும் எலெக்டிவ் என்ற சொல்தான் தொடர்பு.

2019க்கு முன் நம் மருத்துவ மாணவருக்குத் தன் விருப்பப்படி ஓர் இடத்தைத் தேர்ந்து கற்கும் உரிமை பாடத்திட்டத்தில் இல்லை. வேலூர் சி.எம்.சி.க்கு வெளிநாட்டு மாணவர்கள் எலெக்டிவ் என்று வருவார்கள், வார்டில் சில வாரம் நிற்பார்கள், போவார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராமம் என்றால் ஹவுஸ் சர்ஜனாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையெழுத்திட்ட சில வாரங்கள்தான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு அந்த வாரங்களும் எட்டவில்லை. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அரசு அந்த மலையைத் தன் கையில் எடுத்தது. சாலையில்லாத ஊர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் அதுதான் வண்டி.

பாடத்திட்டத்தில் இன்று நிலைமை வேறு. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் எலெக்டிவைக் கட்டாயமாக்கியது. இரண்டு பகுதி; 2019 விதியில் பகுதிக்கு நான்கு வாரம் இருந்தது. வருகைப் பதிவு 75 விழுக்காடும் பதிவேடும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. இரண்டாம் பகுதியைப் பெரிய மருத்துவமனைத் துறைகளில் மட்டுமல்ல, கிராமப்புற மருத்துவ நிலையத்திலும் செய்யலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நம் மலைக்காகவே எழுதியதுபோல் எனக்குப் படுகிறது.

ஆனால் எலெக்டிவ் என்றதும் மாணவர் மனம் எங்கே போகிறது? வசதியுள்ளவருக்கு அமெரிக்கா. ரெசிடென்சி எனும் பட்டமேற்படிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அங்குள்ள மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். முதல்படி மதிப்பெண் போனபின் அந்தக் கடிதத்தின் எடை கூடிவிட்டது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ், பட்டம் வாங்குவதற்கு முன்புதான் கிடைக்கும். பட்டம் வாங்கியபின் போனால் பெரும்பாலும் ஓரமாக நின்று பார்க்கத்தான் முடியும். பல பல்கலைக்கழகங்கள் நான்கு வாரத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. விசா, விமானம், தங்குமிடம் தனி. சங்கராபுரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை இதற்கு எங்கே போவார்? திறமையைக் காட்டும் வாசல் என்கிறார்கள். அந்த வாசலுக்கு நுழைவுச்சீட்டு உண்டு என்பதைச் சொல்வதில்லை.

இங்கேயே பி.ஜி. படிக்க நினைப்பவர்களில் பெரும்பாலோருக்கு நீட் பி.ஜி. தேர்வுதான் வழி. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். எந்த வார்டில் எத்தனை நாள் உழைத்தாய் என்று அந்தத் தேர்வு கேட்காது. அதனால் எலெக்டிவ் வாரங்களிலும் மனம் கேள்வித்தாளில்தான் இருக்கிறது. மாணவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 வரை ஊக்க மதிப்பெண் தர மருத்துவக் கவுன்சிலின் விதியே வழி வைத்திருந்தது. மருத்துவருக்கு மதிப்பான மலை, மாணவருக்கு மட்டும் மதிப்பில்லாமல் போனது சரியல்ல.

மலையில் கற்க என்ன இருக்கிறது என்பவர்கள் சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். சாவு எண்ணிக்கை பல மடங்கு இறங்கியது. குடிசை நின்ற ஊரில் இன்று அறுவை அரங்கோடு மருத்துவமனை நிற்கிறது. எடை குறைந்த குழந்தை, பாம்புக்கடி, ரத்தசோகையோடு வரும் கர்ப்பிணி: ஸ்கேன் அறிக்கை வருமுன் கையும் கண்ணும் முடிவெடுக்க வேண்டிய இடம் அது. அந்தப் பயிற்சியை எந்தக் கோச்சிங் சென்டரும் தராது.

சமவெளியும் பாடம் சொல்லியிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்குவதைப் புத்தகத்தில் படிக்கலாம். கண் தெரியவில்லை என்று சொல்பவரை எவ்வளவு விரைவில் டயாலிசிஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது படுக்கையருகே நின்றால்தான் மனதில் பதியும்.

சிறுவங்கூர்க் கல்லூரியின் எலெக்டிவ் பட்டியலில் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரும் வெள்ளிமலையும் முதல் வரியில் இருக்க வேண்டும். தங்க அறையும், வழிநடத்த ஓர் ஆசிரியரும், முடித்து வருபவருக்கு டீன் கையெழுத்திட்ட விரிவான மதிப்பீட்டுக் கடிதமும் வேண்டும். பி.ஜி. சேர்க்கையில் அந்தக் கடிதத்துக்கு ஓர் இடம் தர அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். மாணவர்களே, அதுவரை காத்திருக்காதீர்கள். துறைத்தலைவரிடம் மலையைக் கேட்டு வாங்குங்கள்.