தானாக விளையும் நிலம்: ஊழியரின் அவசரமும் இறை அமைதியும்

"நேரமில்லை" என்பது இன்று ஊழியர் நாவில் அடிக்கடி எழும் சொல். பல கிராமச் சபைகளைத் தாங்கும் ஆயர், ஞாயிறு ஆராதனையிலிருந்து அடக்க ஆராதனைக்கும், அங்கிருந்து குழுக் கூட்டத்திற்கும் விரைகிறார். வழியிலும் கைப்பேசி அவரை விடுவதில்லை. மன அமைதியைப் பிறருக்குப் போதிக்கும் நாமே அதனை இழந்து நிற்கிறோம். விடுமுறை நாள்கள் சில கூடினால் இக்குறை தீரும் என எண்ணுகிறோம். ஆனால் நம் அவசரத்தின் வேர் வேலை மிகுதியில் மட்டும் இல்லை. விளைச்சல் முழுவதும் நம் கையில் இருக்கிறது என்னும் எண்ணத்திலும் உள்ளது. இதனை உணர்ந்துகொள்ளக் காவிரிப் படுகையின் நெல்வயல்களும், மாற்கு நற்செய்தியில் மட்டும் காணப்படும் ஓர் உவமையும் (4:26-29) நமக்குத் துணைசெய்யும்.

வயலின் காலம்

தஞ்சை மண்ணில் உழவாண்டு ஆற்றுநீரோடு தொடங்குகிறது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறப்பது மரபாயிற்று. திறந்த நீர் கல்லணையை அடைந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களைச் சேரும். குறுவை ஏறக்குறைய 4 மாதத்திற்குள் விளையும். நீண்டகாலச் சம்பாவுக்கு 5 மாதமோ அதற்கு மேலோ வேண்டும். 1960-களில் பரவிய ஆடுதுறை 27 போன்ற குறுகியகால வகைகள் விளைச்சலைப் பெருக்கின. ஆயினும் விரைந்து விளையும் நெல்லுக்கும் அதற்குரிய நாள்கள் உண்டு. பறித்து நட்ட நாற்று முதலில் வாடி மஞ்சளித்து நிற்கும். பின்னரே வேர் பிடித்துப் பச்சை கட்டும். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் உழவர் எவருமில்லை.

உழவர் வாளாவிருப்பதுமில்லை. வரப்பைக் காக்கிறார், நீரைக் கட்டுகிறார், மிகுந்ததை வடிக்கிறார், களை எடுக்கிறார். அவருடைய காத்திருப்பு கவலையற்றதுமன்று. அணை உரிய நாளில் திறவாத ஆண்டுகள் பல. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது; எனினும் மழை பொய்த்தால் கவலை மீண்டும் வரும். ஆகவே கிராம வாழ்வை எளிய நிம்மதியின் உருவாகப் புகழ்வது பொருந்தாது. கவலையின் நடுவிலும் தம் பங்கு எது, தம் பங்கல்லாதது எது என்று அறிந்திருப்பதே உழவரின் நிதானம்.

'தானாகவே'

உவமையில் வரும் மனிதன் விதைக்கிறான். இரவில் உறங்கிப் பகலில் எழுகிறான். விதை வளரும் விதத்தை அவன் அறியான். நிலம் 'தானாகவே' பலன் தருகிறது. இதற்கு மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'அவுதொமாத்தே'. எழுபதின்மரின் கிரேக்கப் பெயர்ப்பில், லேவியராகமம் 25:5, 11 வசனங்களிலும் இச்சொல்லே வருகிறது. அங்கு அது ஓய்வாண்டிலும் யூபிலி ஆண்டிலும் விதைக்கப்படாமல் தானாக விளைந்ததைக் குறிக்கிறது. இவ்விரு பகுதிகளையும் சேர்த்து வாசிக்கையில், விதைத்தவனின் உறக்கம் சோம்பலாகத் தோன்றாது. விளைவிப்பவர் இறைவன் என்னும் விசுவாச அறிக்கையாகத் தோன்றும். அதே அதிகாரத்தின் இறுதியில், புயலின் நடுவே ஆண்டவரே படகில் உறங்குகிறார் என்பதும் கருதத்தக்கது.

யாருக்கு ஓய்வு?

இங்கு நாம் நின்றுவிடலாகாது. ஓய்வாண்டில் தானாக விளைந்தது நிலத்துக்குரியவனுக்கு மட்டுமன்றி, அடிமைக்கும் கூலியாளுக்கும் அந்நியனுக்கும் உணவாகும் என்று லேவியராகமம் 25:6 வகுக்கிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் நம்மைப்போல் இளைப்பாறவேண்டும் என்பதே ஓய்வுநாளின் நோக்கம் என உபாகமம் 5:14 கூறுகிறது. பிறர் உழைப்பின்மேல் நாம் மட்டும் துய்க்கும் அமைதி மறைநூல் கூறும் அமைதியன்று.

இதனைப் படுகையின் மண்ணே நமக்கு உணர்த்தும். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பூமியிலே சமாதானம் என்று சபைகள் பாடிய நாளின் இரவு அது. நட்டவர்க்கும் அறுத்தவர்க்கும் நீதி மறுக்கப்பட்ட வயலில் நிலவுவது அமைதியன்று, அடக்கிவைக்கப்பட்ட மௌனம்.

நீண்ட பணியின் பலன்

நீதியோடு இணைந்த நிதானத்திற்குத் தஞ்சைத் திருச்சபை வரலாற்றில் முன்மாதிரி உண்டு. சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1778-இல் தஞ்சையில் நிலைகொண்டார். 1798-இல் அங்கேயே மறைந்தார். ஐதர் அலியுடன் நடந்த போரின்போது தஞ்சைக் கோட்டையில் உணவு முட்டுற்றது. முன்னர்க் கொடுத்த தானியத்திற்கு விலை பெறாத உழவர், மேலும் கொண்டுவர மறுத்தனர். பணம் தருவதாகச் சுவார்ட்ஸ் வாக்களித்தபோது அவரை நம்பித் தானியம் கொண்டுவந்தனர். அவரும் வாக்கின்படி கொடுத்துத் தீர்த்தார். அரசு பெறாத நம்பிக்கையை ஓர் ஊழியர் பெற்றது ஒருநாள் பரபரப்பினால் அன்று. ஒரே மக்களிடையே எளிமையாக வாழ்ந்த நீண்ட ஆண்டுகளினால்.

நாம் செய்யத்தக்கவை

வாரத்தில் ஒருநாளைச் செபத்திற்கும் இளைப்பாறுதலுக்கும் ஒதுக்கி, அதனைச் சபைக்கு வெளிப்படையாக அறிவிப்போம். பத்து வீடுகளின் வாசலில் நின்று செபித்து விரைவதினும் மூன்று வீடுகளில் அமர்ந்து செவிகொடுப்போம். நடவு, அறுப்புக் காலங்களில் கூட்டங்களைக் குறைப்போம். பகலெல்லாம் சேற்றில் நின்று, மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண்களின் களைப்பை நினைவிற்கொண்டு ஆராதனை நேரத்தை வகுப்போம். ஆலயப் பணியாளருக்கும் ஓய்வுநாளும் தக்க ஊதியமும் உண்டா என்று நம் குழுக்களில் கேட்போம். இரவில் படுக்குமுன், முடிந்ததையும் முடியாததையும் இறைவனிடம் ஒப்புவிப்போம். விதைப்பது நம் கடமை. விளைவிப்பது அவர் செயல். விளைந்ததை உழைத்த அனைவரோடும் பகிர்வது அவர் கட்டளை.