கைமணம் என்னும் தடயம்

மர்மக் கதைகளில் 'கோஸி' என்று ஆங்கில வாசகர்கள் அழைக்கும் கிளைவகை ஒன்று உண்டு. அதில் கொலை நடக்கும். ஆனால் குருதியோ சித்திரவதையோ வருணிக்கப்படாது. துப்புத் துலக்குபவரும் காவல்துறை அதிகாரியாக இல்லாமல், எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் ஏதோ ஒரு தொழில் செய்து பிழைக்கும் சாதாரண மனிதராக இருப்பார். அத்தொழில் சமையலாக அமையும்போது பிறப்பதே சமையல் மர்மக் கதை. அமெரிக்காவில் வர்ஜீனியா ரிச் 1982-இல் வெளியிட்ட 'த குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. விருந்துச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் பெண்ணை டயான் மாட் டேவிட்சன் 1990-இலும், பேக்கரி நடத்தும் பெண்ணை ஜோஆன் ஃப்ளூக் 2000-இலும் துப்பறிபவராக்கினர். ஃப்ளூக்கின் நாவல்களில் விசாரணையின் ஊடே பிஸ்கட் செய்முறைகள் அளவுக் குறிப்புகளுடன் அச்சாகியிருக்கும்.

பிணத்துக்கும் பிஸ்கட்டுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு, இது களைத்த மனத்துக்கு இதமளிக்கும் வாசிப்பு என்னும் விடையே வழக்கமாகத் தரப்படுகிறது. அது தவறன்று, ஆனால் போதாது. துப்பறியும் கதைக்கு ரொனால்டு நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவர் காணும் தடயம் ஒவ்வொன்றும் உடனே வாசகர் முன் வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று, இதுவரை அறியப்படாத நஞ்சைப் பயன்படுத்தலாகாது என்பது இன்னொன்று. தேவையான பொருள்களை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிட்டு, அவற்றைக் கொண்டே பண்டத்தை முடித்துக் காட்டும் சமையல் குறிப்பும் இதே நேர்மைக்குக் கட்டுப்பட்டதுதான். முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்த அகதா கிறிஸ்டி, அளவு பிசகினால் மருந்தே நஞ்சாகும் என்பதைத் தொழில்வழி அறிந்தவர். 1953-இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலில் காலை உணவோடு வரும் மார்மலேட் எனும் பழப்பாகில் நஞ்சைக் கலந்தார். பிறர் கையால் வருவதைச் சோதிக்காமல் வாயில் இடுவது மனிதர் நாள்தோறும் செய்யும் மிகப் பெரிய நம்பிக்கைச் செயல் என்பதால், அது மீறப்படும் கதை எந்த வீட்டு வாசகருக்கும் நெருக்கமாகிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இது அயல்சரக்கும் அன்று. மகாபாரதத்தின் நளோபாக்கியானத்தில், உருமாறிப் பாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக வந்திருப்பவன் தன் கணவனோ என்று ஐயுறும் தமயந்தி, முதலில் கேசினி என்ற தோழியை அனுப்பிப் பேச்சுக் கொடுக்கச் செய்கிறாள். பிறகு, பார்த்த மாத்திரத்தில் குடங்களில் நீர் நிரம்புவதும் புல்லில் தீ மூள்வதுமான அவனுடைய அடுக்களை விந்தைகளை மறைந்திருந்து கவனிக்கச் சொல்கிறாள். கடைசியாக அவன் சமைத்த இறைச்சியில் சிறிது வரவழைத்துச் சுவைத்துப் பார்த்து, அவன் நளனே என்று தெளிகிறாள். விசாரணை, கண்காணிப்பு, பரிசோதனை என மூன்று படிகளில் முன்னேறும் இந்தத் துப்புத் துலக்கலில் உருவம் பொய்த்தபோதும் கைமணம் பொய்க்கவில்லை. கைரேகையை வைத்து ஆளை அறிவதற்கு நெடுங்காலம் முன்பே கைப்பக்குவத்தை வைத்து அறிந்த கதை இது. 'நளபாகம்' என்ற சொல் மட்டும் கல்யாணப் பந்திகளில் புழங்க, தமயந்தியின் துப்பறியும் திறம் பேசப்படாமலே போனது சற்று அநியாயம்தான்.

இருந்தும் தமிழ்த் துப்பறியும் நாவல் அடுக்களைப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வந்த பிறகு இவ்வகை எழுத்து வேகமாகப் பரவியது. 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு, வங்கி வேலை போய், அசட்டுத்தனத்தாலேயே குற்றங்களைக் கண்டுபிடித்துப் பெயரெடுக்கும் மனிதர். மென்மையிலும் நகைச்சுவையிலும் கோஸி மரபுக்குத் தமிழில் மிக நெருங்கியவர் அவரே. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். ஆனால் அங்கே தேநீர் துப்பறிபவருக்குத் தெம்பளிக்கிறதே தவிர, வழக்குக்குத் துப்புக் கொடுப்பதில்லை.

இதற்கான காரணங்களுள் ஒன்றை, 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்ரயில் தடத்தில் தேடலாம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் 1980-களில் செல்வாக்குப் பெற்றபோது, ரயில் நிலையக் கடைகளும் பேருந்து நிலையக் கடைகளும் அவற்றின் முக்கியச் சந்தையாயின. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குள் முடிந்தாக வேண்டிய கதையில், வற்றக்குழம்பு சுண்டும் வரை காத்திருக்க இடமில்லை. அதே கடையில், அதே கயிற்றில், மகளிர் இதழ்களின் சமையல் இணைப்புகளும் தொங்கின. குற்றம் ஒருவருக்கு, குறிப்பு இன்னொருவருக்கு என்று பதிப்புச் சந்தை வாசகர்களைப் பிரித்துவைத்தது. ஒரே வீட்டில் இரண்டையும் ஒருவரே படித்திருக்கக்கூடும் என்று அது எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

சிங்கப்பூரின் ஒவிடியா யூ, உணவகம் நடத்தும் கைம்பெண் ஒருவரைத் துப்பறிபவராக்கி 2013-இல் 'ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்' நாவலை வெளியிட்டார். ஆங்கில நாவலின் சிற்றூர் ஆசிய நகரத்துக்கும் பொருந்தும் என்பதை அது காட்டியது. சென்னையின் தென்புறநகரும் அவ்வகையில் சிற்றூர்களின் தொகுப்பே. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்துதான் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், வருவோர் போவோரின் பெயர்கள் காவலாளியின் பதிவேட்டில் ஏறுகின்றன; தனியே வாழும் முதியவர்களுக்கு இரண்டாம் மாடி மாமியின் வீட்டிலிருந்து அடுக்குக் கேரியரில் சாப்பாடு போகிறது. பூண்டே சேர்க்காத அந்த வீட்டின் ரசம் ஒரு நாள் பூண்டு மணத்தோடு வந்தால், மூடியைத் திறந்த கணத்திலேயே அதைக் கண்டுகொள்ளும் மூக்குகள் மாடிக்கு நான்கு இருக்கும். கேரியர் வழியில் யார் வீட்டில் நின்றது என்பது பதிவேட்டில் இராது.